தாலி கட்டும் நேரத்தில் போன் எங்கே இருக்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அடுத்த மாதம் உங்கள் அண்ணனுக்குக் கல்யாணம். போன வருடம் தோழியின் கல்யாணத்தில் காலையிலிருந்து ஸ்டோரி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இப்போது யோசித்தால், தாலி கட்டியதைக்கூடப் போன் திரையில் பார்த்ததாகத்தான் நினைவிருக்கிறது. அண்ணன் கல்யாணமும் அப்படிப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறீர்கள். ஆனால் படம் எடுக்காவிட்டால் எல்லாம் மறந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், கனடாவில் இருக்கும் சித்தி காத்துக்கொண்டிருப்பாரே என்ற கவலை ஒரு பக்கம்.

மதுரைப் பக்கம் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பதுதான் என் தொழில். ஃபிலிம் ரோல் இருந்த காலத்திலேயே இதற்கு வந்துவிட்டேன். மணவறை ஓரத்தில் நின்று சபையையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை என்பதால், நீங்கள் சொல்லும் விஷயத்தை முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கண்ணால் பார்க்கிறேன். இதைப் பற்றி நடந்திருக்கும் ஆராய்ச்சிகளையும் ஆர்வத்தோடு தேடிப் படித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

படம் எடுங்கள், தப்பே இல்லை. எடுக்கும்போதே அதை யார் பார்ப்பார்கள், என்ன சொல்வார்கள் என்று மனசு ஓட ஆரம்பிக்கிறதே, அதைத்தான் கல்யாணம் முடியும்வரை தள்ளிவைக்க வேண்டும். போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வரச் சொல்லும் அறிவுரை எனக்கு ஒப்புதல் இல்லை.

முகூர்த்த நேரத்தையே எடுத்துக்கொள்வோம். மாங்கல்யத்தைத் தட்டில் தேங்காயோடு வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்ய சபையில் கொண்டுவருவார்கள். அட்சதை எல்லார் கைக்கும் வந்துவிடும். தாலி மாப்பிள்ளை கைக்குப் போனதும் பெரியவர் ஒருவர் ஆட்காட்டி விரலை உயர்த்தி ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்பார். அதுவரை தவில்காரர் கண் அந்த விரலின் மேலேயே இருக்கும். முன்பெல்லாம் அந்த நொடியில் நான் எடுத்த படங்களில் மஞ்சள் அரிசி காற்றில் நிற்கும். அதற்குப் பின்னால் முகங்கள் தெரியும்: சிரிக்கிறவர்கள், கண் கலங்குகிறவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டுகிறவர்கள். இப்போது அதே இடத்தில் நின்று எடுத்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் போன் இருக்கிறது. வலது கையில் போன் என்பதால் அட்சதை இடது கைக்குள்ளேயே வியர்வையில் நனைந்து கிடக்கிறது. கொட்டு முடிந்த பிறகுதான் பலருக்குக் கையில் அரிசி இருப்பதே ஞாபகம் வருகிறது. தூவ நேரமில்லாமல் நாற்காலிக்கு அடியில் உதிர்த்துவிட்டுப் பந்திக்கு எழுந்துவிடுகிறார்கள். எங்கிருந்தோ பஸ் பிடித்து, லீவு போட்டு, வாழ்த்துவதற்கென்றே வந்தவர்கள். அந்த ஒரு நிமிடம் அவர்களுக்கே கிடைக்காமல் போவதைப் பார்க்கையில் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

இனி, மறந்துவிடுமோ என்ற உங்கள் பயம். அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் லிண்டா ஹெங்கல், மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்ச் சில பொருட்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருட்கள்தான் குறைவாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு பொறுப்பை இறக்கிவைத்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். 2014-இல் வெளியான இந்தக் கட்டுரையைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே கட்டுரையின் அடுத்த பாதியைப் பலர் சொல்வதில்லை. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி, ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. படத்துக்குள் வராத மற்ற பகுதிகள்கூட அவர்களுக்கு நினைவிருந்தன. எதை எடுப்பது என்று தேடும் கண் ஊன்றிப் பார்த்துவிடுகிறது. தொழில்காரன் என்ற முறையில் இது எனக்கு நன்றாகவே புரிகிறது. ரோலில் 36 படம்தான் என்றிருந்த காலத்தில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் யோசித்தோம். அப்படி யோசித்து எடுத்த கல்யாணங்களில் மணப்பெண்ணின் மருதாணிக் கோலம்கூட எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அடுத்தது காது. இதை யாரும் பேசுவதே இல்லை. அலிக்ஸாண்ட்ரா பராஷ், கிறிஸ்டின் டீல் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பொருட்களைப் பற்றிய விளக்கத்தைக் காதில் கேட்டபடியே அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்களில், விருப்பம்போலப் படம் எடுத்தவர்களுக்குக் கண்ணால் பார்த்தது கூடுதலாக நினைவிருந்தது. காதால் கேட்டது குறைந்துபோனது. கல்யாணத்தில் இது பெரிய இழப்பு என்பேன். நம் கல்யாணங்களில் பாதி காதால் நடப்பது. நாதஸ்வரம், ஐயர் குரல், நலங்கு வைக்கும்போது அத்தைமார்கள் செய்யும் கேலி, அண்ணன் காதில் அப்பா குனிந்து சொல்லும் ஏதோ ஒன்று. ஆல்பத்தில் இதில் எதுவும் வராது. வீடியோவிலும் ஒழுங்காக வராது. தவில் உச்சத்துக்குப் போகும்போது போனின் மைக் அதைத் தாங்காமல் வெறும் இரைச்சலாகத்தான் பிடித்துவைக்கும். ஆகவே கண்ணுக்கு உரியதை எங்களிடம் விட்டுவிட்டுக் காதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் என்ன வாசிக்கிறார்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தாலே நீங்கள் மண்டபத்துக்குள் முழுசாக வந்துவிடுவீர்கள்.

இன்னொரு ஆய்வைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில்தான் இருக்கிறது. அதே பராஷ், டீல் இருவரும் கால் ஸாபர்மனோடு சேர்ந்து 2018-இல் வெளியிட்டது. தனக்காகப் படம் எடுப்பவர்களையும், பிறகு வெளியே பகிர்வதற்கென்று எடுப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். பகிர நினைத்து எடுத்தவர்களுக்கு அந்த அனுபவம் அவ்வளவாக இனிக்கவில்லை. எடுக்கும்போதே, இதில் நான் எப்படித் தெரிகிறேன், பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலை உள்ளே நுழைந்துவிடுவதுதான் காரணம் என்கிறார்கள். யாருக்கு அனுப்பப் போகிறோம் என்பதைப் பொறுத்தும் இது மாறியது. நெருங்கியவர்களுக்கு என்றால் அந்தக் கவலை குறைகிறது. இதற்கு முன், 2016-இல், டீலும் ஸாபர்மனும் பராஷும் வெளியிட்ட ஆய்வில் படம் எடுப்பது பல சமயங்களில் மகிழ்ச்சியைக் கூட்டுகிறது என்றே கண்டிருந்தார்கள். அதே கை, அதே போன். யாருக்காக எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் மாறிப்போகிறது.

டயானா தமிர் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நினைவுத் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில், படம் எடுத்துக்கொண்டும் பகிர்ந்துகொண்டும் போனவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் நினைவிருந்தது. ஆனால் அனுபவித்ததில் பெரிய வித்தியாசம் இருந்ததாக அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதாவது அந்த நேரத்தில் நமக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து நினைத்துப் பார்க்கும்போதுதான் காலியாக இருக்கும். தோழி கல்யாணம் பற்றி நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். அதனால் உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சரி, என்ன செய்வது?

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் மாப்பிள்ளையின் தங்கை. நம் பக்கத்துப் பல குடும்பங்களில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சுகளை நாத்தனார்தான் போடுவார். உங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தால், கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் நீங்கள் மணப்பெண்ணுக்குப் பின்னால் குனிந்து நிற்பீர்கள். ஜடைப் பில்லையும் பூவும் மாலையும் கழுத்தை மறைத்துக்கொண்டிருக்கும். மஞ்சள் கயிறு புதுசு, ஈரமாக வழுக்கும். ஒரு கையால் மாலையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் அண்ணன் விட்ட நுனியைத் தேடி எடுக்க வேண்டும். என் கேமராவின் நேர் எதிரே நடப்பதால் பலமுறை பார்த்திருக்கிறேன்: பதற்றத்தில் நாத்தனாரின் நாக்கு உதட்டோரம் வந்துவிடும், முடிச்சு விழுந்ததும் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெண்களில் ஒருவர்கூட போனைத் தேடி நான் பார்த்ததில்லை. அவர்கள் மனக்கட்டுப்பாட்டால் அப்படி இருக்கவில்லை. கையில் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

மண்டபத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. பந்தியில் பரிமாறுகிற தாய்மாமன், சீர்த்தட்டு எடுத்து வருகிற அத்தை, வாசலில் நின்று சந்தனமும் கல்கண்டும் நீட்டுகிற சின்னப் பெண்கள் எல்லாரும் அந்தக் கல்யாணத்துக்குள் இருக்கிறார்கள். பொறுப்பு எதுவும் கொடுக்கப்படாமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன் போனுக்குள் போகாமல் வேறெங்கே போவான்? ஆகவே 'போனைத் தொட மாட்டேன்' என்று சபதம் எடுப்பதைவிட, அம்மாவிடம் போய் எனக்கு வேலை கொடுங்கள் என்று கேளுங்கள். ஆரத்தித் தட்டு உங்களுடையதாக இருக்கட்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும். மாப்பிள்ளை அழைப்பில் அண்ணன் பக்கத்திலேயே இருங்கள். புதுப்பெண் வீட்டுக்குள் வலது கால் எடுத்துவைக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்வது நீங்களாக இருங்கள். அவருக்கும் அன்றைக்கு அது தேவைப்படும்.

போன் கூடவே இருக்கட்டும், ஏரோப்ளேன் மோடில். கேமரா வேலை செய்யும், மெசேஜ் வராது, எதையும் போடவும் முடியாது. சைலண்ட் மட்டும் போதாது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வந்த அறிவிப்பை எடுத்துப் பார்க்காதவர்களுக்குக்கூட, அது வந்தது தெரிந்ததாலேயே செய்துகொண்டிருந்த வேலையில் கவனம் சிதறியது. ஸ்டேட்டஸ் போட்டுவிட்டால் யார் பார்த்தார்கள் என்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கை தானாகப் போகும். மனுஷ மனசு அப்படித்தான். போடாமல் இருந்துவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது.

படம் எடுக்க ஆசையாக இருந்தால் முகூர்த்தத்துக்கு முந்தின நேரத்தில் எடுங்கள். மண்டபம் விடிவதற்கு முன்பே எழுந்துவிடும். பூக்காரர் மணவறைக்கு வாழைக் குலை கட்டிக்கொண்டிருப்பார், சமையற்கட்டில் முதல் டிகாஷன் இறங்கியிருக்கும், அப்பா வேட்டி கட்டாமல் பனியனோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் அந்த நேரத்தில் மணமகள் அறையில் இருப்போம், இதெல்லாம் எங்களுக்குக் கிடைக்காது. மணவறை முழுசாகத் தெரியும் படம், குரூப் போட்டோ எல்லாம் எங்களிடம் இருக்கும், அதை நீங்கள் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. நெருங்கி எடுங்கள். பாட்டியின் கை, அண்ணனின் புதுச் செருப்பு, அம்மா கொத்துச்சாவி செருகியிருக்கும் இடுப்பு. ஒன்றிரண்டு போதும்.

எடுக்காமலே எடுக்கவும் செய்யலாம். மேலே சொன்ன 2017 ஆய்வில் கேமரா இல்லாமல் மனதுக்குள்ளேயே 'இதை இப்படி எடுப்பேன்' என்று எடுத்துப் பார்க்கச் சொன்னபோதும் நினைவு கூடியிருக்கிறது. நான் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதுதான்.

முந்தின நாளே உங்கள் போட்டோகிராஃபரிடம் பேசிவிடுங்கள். எந்தெந்த முகங்கள் தவறக் கூடாது என்று அடையாளம் காட்டுங்கள். எங்களால் பெரும்பாலும் விட்டுப்போவது மேடை ஏறி வராத வயசானவர்கள்தான். ஃபேன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவை யாரும் காட்டாவிட்டால் எங்களுக்குத் தெரியாது. பிறகு அவர் காலமானதும் ஒரு படம்கூட இல்லையே என்று வீட்டார் கேட்டு வருவார்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்துவிட்டால், படம் விட்டுப்போகுமோ என்ற உங்கள் பதற்றம் முக்கால்வாசி இறங்கிவிடும்.

சபையில் எல்லார் போனையும் இறக்கவைக்க முடியுமா என்றும் கேட்கலாம். முழுசாக முடியாது. ஆனால் தாலி கட்டும் முன், மைக்கில் ஒரு பெரியவர் "இப்போது எல்லாரும் அட்சதையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், படம் எங்கள் ஆட்கள் அனுப்பிவைப்பார்கள்" என்று சொன்னால் பாதிப் பேர் கேட்கிறார்கள். கட்டளையாகச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் மனஸ்தாபமாகிவிடும், வேண்டுகோளாகவே இருக்கட்டும். போன் இல்லாமல் கூட்டமாக நிற்பது நமக்கு அப்படியொன்றும் புதிதில்லை. 2018 பிப்ரவரியில் மீனாட்சி அம்மன் கோயிலில் தீ விபத்து நடந்த பிறகு அங்கே போனுக்குத் தடை வந்தது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் அந்தத் தடையைக் கொண்டுவரச் சொன்னது. டோக்கன் வாங்கிக்கொண்டு போனைக் கொடுக்கும்போது முணுமுணுக்கிறவர்கள், சந்நிதியில் தீபாராதனை காட்டும் வேளையில் கை கூப்பி நிற்கிறார்கள். அம்மன் கையிலிருக்கும் கிளியைக் குழந்தைக்கு விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். வெளியே வந்தபின் யாரும் படம் எடுக்க முடியவில்லையே என்று அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாகச் சித்தி. இவர் விஷயத்தை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. வர முடியாத சொந்தக்காரருக்குக் காட்டுவது விளம்பரம் ஆகாது, அது உறவு. 2020-இல் கொரோனா சமயத்தில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று இருந்தபோது, பெற்ற தாயே லைவில்தான் மகன் கல்யாணத்தைப் பார்த்த வீடுகள் உண்டு. அப்போதிருந்து பெரும்பாலான ஸ்டுடியோக்கள் யூடியூப் லைவ் செய்துகொடுக்கிறார்கள். லிங்கை முந்தின நாளே சித்திக்கு அனுப்பி, நம் காலை முகூர்த்தம் அங்கே முந்தின நாள் இரவு எத்தனை மணி என்றும் எழுதிவிடுங்கள். முப்பது ஸ்டோரியைவிட அது அவருக்கு நல்ல தரிசனம். அப்புறம் சாப்பாடு முடிந்து மண்டபம் கொஞ்சம் அடங்கியதும், ஒரு ஓரமாக உட்கார்ந்து அவருக்கு வீடியோ கால் போட்டு, அண்ணனையும் அண்ணியையும் காட்டி, பத்து நிமிடம் நிதானமாகப் பேசுங்கள். அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, சம்பந்தி வீட்டுச் சாப்பாடு எப்படி என்றுதான் கேட்பார். ஸ்டோரியில் இதற்கெல்லாம் பதில் கிடையாது.

தோழிகளுக்கு மறுநாள் போடுங்கள். இரவு தூங்கி எழுந்து, எல்லாப் படங்களையும் ஒருமுறை பார்த்து, உங்களுக்கே பிடித்த நாலைந்தை எடுத்துப் போட்டால் போதும். அந்நேரம் கல்யாணம் உங்களுக்குள் இறங்கியிருக்கும், எதைச் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்திருக்கும். போடும் முன் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தான் நன்றாகத் தெரியாத படம் ஊர் முழுக்கச் சுற்றுவதை எந்தப் புதுப்பெண்ணும் விரும்புவதில்லை, முதல் வாரத்திலேயே அந்தச் சங்கடம் வேண்டாம்.

ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய நாங்கள் எல்லாக் கோப்புகளையும் அனுப்புவோம். அதை யாராவது ஒருவர் தனியாக உட்கார்ந்து டிக் அடித்து அனுப்பிவிட விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டு, வீட்டில் எல்லாரும் சேர்ந்து பாருங்கள். யார் எந்தப் படத்தில் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பிப்பார்கள். நீங்கள் அன்று காதால் கேட்டதெல்லாம் அந்த உட்காரலில் வெளியே வரும். மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் மாமியார், சம்பந்தி எல்லாம் ஊரில் இருக்கும்போதே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.